வாய்ப்புண் உரைக்கும் செய்தி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இலக்கியப் பேருரையும் நிகழ்வது மரபு. அத்தகைய மேடையில் நின்று நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். வள்ளுவப் பெருந்தகை நட்பைப் பற்றிப் பேசிய இயலிலேயே 'மருந்து' என்னும் அதிகாரத்தையும் வைத்தார். நண்பர் கூடிய இடத்தில் நோயைப் பற்றியும் பேசலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அந்தத் துணிவோடுதான் இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

யாம் எடுத்துக்கொண்ட பொருள் வாய்ப்புண். 'இவ்வளவுதானா?' என்று முன்வரிசையில் ஒரு புன்முறுவல் எழுவதைக் காண்கின்றோம். அந்தப் புன்முறுவலுக்கு விடை கூறவே வந்துள்ளோம். வாய்ப்புண் அற்பம் என்று எண்ணியதால் ஓர் உயிர் போனதை யாம் கண்டிருக்கின்றோம். அந்தப் பிழையில் எமக்கும் பங்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

எல்லையும் நோயும்

நாம் வாழும் நிலத்தை முதலில் ஒருகணம் நினைவில் கொள்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரள மாநிலத்துக்குள் அமைந்தன. இடுக்கி மாவட்டம் 1972இல் தோன்றியது. வரைபடத்தில் கோடு விழுந்தது. மக்கள் நடமாட்டத்தில் கோடு விழவில்லை. தேயிலைத் தோட்டம் தேடி நம் முன்னோர் மலையேறினர். இன்றும் கம்பம், போடி, தேவாரம் முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்து, பொழுது சாயும்போது வீடு திரும்புவோர் பலர். பாலக்காட்டுப் பக்கமோ வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், ஆனைகட்டி என்று வழிகள் பல. சரக்கு வண்டிகள் இரவு பகல் ஓய்வின்றிச் செல்கின்றன.

மக்கள் செல்லும் வழியிலெல்லாம் கிருமியும் செல்லும். சோதனைச் சாவடியில் அரிசியை நிறுத்தலாம், கோழியை நிறுத்தலாம், கிருமியை நிறுத்துதல் அரிது. இதற்கு அண்மைக்காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்னும் நோய் அறியப்பட்டது. ஜூலை மாதம் 26ஆம் நாள் வரையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 82 பேருக்கு அந்நோய் கண்டதாக அரசு மருத்துவமனைகளின் கணக்குக் கூறியது. அச்செய்தி பரவியதும் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையினர் வாளையாற்றில் நின்று, வண்டிகளில் வரும் குழந்தைகளுக்குக் காய்ச்சலோ கொப்புளமோ உண்டா என்று பார்த்தனர். நம்மில் பலர் அக்காட்சியைக் கண்டிருப்பர்.

அந்தக் காய்ச்சலுக்கும் தக்காளிப் பழத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொப்புளங்கள் சிவந்து உருண்டு தோன்றியதால் வந்த பெயர் அது. கேரளத்துக்கு வந்து திரும்பிய இரு குழந்தைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது, காக்ஸாக்கி ஏ-16 என்னும் வைரஸே காரணம் என்று தெரிந்தது. கை, கால், வாய் ஆகிய மூன்றிடத்தும் கொப்புளம் எழுப்பும் பழைய நோயே அது. மாட்டுக்கு வரும் கோமாரி வேறு. குழந்தைக்கு வரும் இந்நோய் வேறு. மாட்டுத் தொழுவத்துக்குப் போனதால் குழந்தைக்கு நோய் வந்தது என்று கூறித் தாயைக் கடிந்துகொள்வது அறியாமை.

நல்ல உடல்நிலை உள்ள குழந்தைக்கு இந்நோய் ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கும். நீர் வற்றாமல் கஞ்சியும் இளநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். ஆயினும் அன்று மருத்துவ ஆராய்ச்சியாளர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். குழந்தைகளிடமிருந்து நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய பெரியோர்க்கு இது பரவினால் விளைவு கடுமையாகலாம் என்பதே அது. அந்த எச்சரிக்கைதான் இன்றைய உரையின் கரு. ஒரே கிருமி, ஓர் உடலில் பத்து நாள் விருந்தாளி, மற்றோர் உடலில் குடியைக் கெடுக்கும் பகைவன். இந்த வேறுபாடு எதனால் நேர்கின்றது?

உறங்கும் கிருமிகள்

நம் உடலுக்குள் காவற்படை ஒன்று உண்டு. இரத்தத்தின் வெள்ளணுக்களே அப்படை. அவற்றுள் சி.டி.4 எனப்படும் அணுக்கள் படைத்தலைவர் போன்றவை. எந்தக் கிருமியை எவர் தாக்க வேண்டும் என்று கட்டளையிடுவன அவையே. நலமுள்ள ஒருவர்க்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழ் இறங்கினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள்.

இனி, சில வைரஸ் கிருமிகளின் இயல்பைக் காண்போம். அவை ஒருமுறை உடலுக்குள் புகுந்துவிட்டால் வெளியேறுவதே இல்லை. ஹெர்பீஸ் என்னும் கிருமியை எடுத்துக்கொள்வோம். உலகில் 50 வயதுக்கு உட்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் உடலில் இதன் முதல் வகை உள்ளது. குழந்தைப் பருவத்தில் உற்றார் உறவினர் கொஞ்சி முத்தமிடும்போதே பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். வந்த கிருமி முகத்து நரம்பின் முடிச்சில் போய் ஒடுங்கிக் கிடக்கும். காய்ச்சல் வந்தாலோ, வெயிலில் அலைந்தாலோ, மனம் நொந்தாலோ நரம்பு வழியே இறங்கி வந்து உதட்டோரத்தில் சிறு கொப்புளங்களாய் எட்டிப் பார்க்கும். ஒரு வாரம், பத்து நாள், பின் மறைந்துவிடும்.

சின்னம்மைக் கிருமியும் அவ்வாறே. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவுடன் அது போய்விட்டது என்று நாம் எண்ணுகின்றோம். அது போகவில்லை. நரம்பு வேரில் உறங்குகின்றது. முதுமையிலோ, உடல் நலிந்த காலத்திலோ எழுந்து, உடலின் ஒரு பாதியில் மட்டும் வரிசையாகக் கொப்புளம் எழுப்பும். அதுவே நம் ஊர்களில் அக்கி எனப்படுவது.

காவற்படை விழித்திருக்கும்வரை இக்கிருமிகள் அடங்கிக் கிடக்கும். படை தளர்ந்தால்? ஏலக்காட்டில் காவற்காரன் அயர்ந்த இரவில் என்ன நேரும் என்பதைத் தோட்டத்து மக்களாகிய உங்களுக்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

படை தளரும் காரணங்கள் பல. எச்.ஐ.வி. தொற்று அவற்றுள் ஒன்று. அது ஒன்றே அன்று. புற்றுநோய்க்கு மருந்து செலுத்திக்கொள்வோர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டோர், ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்போர், சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதோர், ஊட்டமற்று மெலிந்த குழந்தைகள் ஆகிய இவரெல்லாரும் இவ்வரிசையில் வருவர். இரத்தப் புற்றுக்குக் கடும் மருந்து பெறுவோர்க்கு ஹெர்பீஸ் மீண்டும் எழுவது மிகச் சாதாரணம் என்பதால், முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுக்கும் வழக்கமே உண்டு. ஆதலால் வாய்ப்புண் உள்ளவரைக் கண்டவுடன் அவர் ஒழுக்கத்தை ஐயுறுவோர் அறிவிலிகள் என்றே கூறுவோம்.

ஒரு சொல், பல நோய்

தமிழில் 'வாய்ப்புண்' என்பது ஒரு சொல். குழந்தைக்கு வந்தால் அக்கரம் என்போம். பெரியவர்க்கு வந்தால் 'சூடு' என்போம். மணத்தக்காளிக் கீரை சமைத்துக் கொடுப்போம். நல்லதே, கீரை எவர்க்கும் தீங்கு செய்யாது. ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துக் காணப் பழகவேண்டும்.

முதலாவது, ஹெர்பீஸ் புண். நலமுள்ளவர்க்கு அது உதட்டோரத்திலும், ஈறு, மேலண்ணம் போன்ற கெட்டியான இடங்களிலும் சிறிதாக வரும். ஆற்றல் குன்றியவர்க்கோ நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை என எங்கும் படரும், பெரிதாகும், ஆழமாகும், உணவு விழுங்க ஒட்டாது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் நின்றால், எச்.ஐ.வி. உள்ளவரிடத்தில் அது நோய் முற்றிய நான்காம் நிலைக்கு அடையாளம் என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

இரண்டாவது, முகத்து அக்கி. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் எரியும். பல்வலி போலத் தோன்றும். பல்லைப் பிடுங்கிய பின்னரே கொப்புளம் எழுந்து உண்மை வெளிப்படுவதும் உண்டு. அண்ணத்தைப் பார்த்தால் நடுக்கோட்டில் கொப்புளங்கள் நின்றுவிடும், மறுபக்கம் செல்லா. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண்ணுக்கே ஆபத்து. நம் கிராமங்களில் அக்கிக்குக் குயவரிடம் சென்று காவி கொண்டு எழுதிக்கொள்வது பழைய வழக்கம். எழுதுவோரை யாம் குறை கூற வரவில்லை. நோயாளியின் மனத்துக்கு அஃது ஆறுதல் தரலாம். ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப்பயன் கிட்டும். காவி எழுதுவதற்குச் செலவிடும் மூன்று நாள், கண் இழப்பதற்குரிய மூன்று நாளாகிவிடக் கூடாது.

மூன்றாவது, நாக்கின் பக்கவாட்டில் தோன்றும் வெண்மை. சுருக்கம் சுருக்கமாக, மயிர் முளைத்தாற்போன்று இருக்கும், வலி இராது, துணியால் துடைத்தாலும் கரண்டியால் சுரண்டினாலும் போகாது. 1984ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிரீன்ஸ்பான் தம்பதியரும் அவர்தம் குழுவினரும் இதனை முதன்முதலாக விவரித்தனர். இதற்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட கிருமி அது. இந்த வெண்மை தன்னளவில் தீங்கற்றது. ஆயினும் உடலின் காவல் தளர்ந்துவிட்டது என்று அறிவிக்கும் முரசு அது.

நான்காவது, சைட்டோமெகலோ வைரஸ் தரும் ஆழ்ந்த புண். உறுப்பு மாற்றிக்கொண்டோரிடத்தும், சி.டி.4 மிகவும் தாழ்ந்தோரிடத்தும் காணப்படுவது. ஐந்தாவது, பாப்பிலோமா வைரஸ் தரும் மருக்கள். பூக்கோசு போல் உதட்டிலும் ஈற்றிலும் முளைப்பவை.

இவற்றோடு சேர்த்து அறியவேண்டியது, வைரஸ் அல்லாத பூஞ்சைப் படலம். தயிர் ஆடை போன்று வெண்மையாகப் படியும், சுரண்டினால் வரும், அடியில் சிவந்திருக்கும். சென்னையில் ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியினர், எச்.ஐ.வி. தொற்றுடைய தென்னிந்தியர் 300 பேரின் வாயை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களிடத்தும் இப்பூஞ்சை மிகுதியாகவே காணப்பட்டது. பூஞ்சைக்குரிய மருந்து வைரசுக்கு உதவாது. வைரசுக்குரிய மருந்து பூஞ்சைக்கு உதவாது. ஆதலால் கண்ணால் பார்த்து நாமே மருந்து வாங்குதல் ஒருபோதும் கூடாது.

நம் தோட்டங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை அடக்கிக்கொள்ளும் வழக்கத்தால் வாயில் வெண்படை உண்டாகும். அதுவே நாளடைவில் புற்றாக மாறவும் கூடும். இந்த வெண்படை, பூஞ்சை வெண்மை, வைரஸ் வெண்மை ஆகிய மூன்றும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். 'சுண்ணாம்பு சுட்டுவிட்டது' என்ற ஒரே விடையால் மூன்றையும் மூடிவிடுகின்றோம்.

எமது பிழை

இப்பொழுது முன்னர்ச் சொன்ன வாக்கை நிறைவேற்றுகின்றோம். 1998ஆம் ஆண்டு. வாளையாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றில் யாம் மருத்துவம் பார்த்து வந்த காலம். லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். உதட்டிலும் நாக்கிலும் புண். 'இரவெல்லாம் வண்டி ஓட்டுகின்றேன் ஐயா, உடம்புச் சூடு' என்றார். யாமும் அதனையே நம்பினோம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும், வாயில் தடவும் ஸ்டீராய்டுக் களிம்பும் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து வந்தார், புண் பெருகியிருந்தது. களிம்பை மாற்றிக் கொடுத்தோம். வைரஸ் புண்ணின்மேல் ஸ்டீராய்டுக் களிம்பு தடவுவது எரியும் கொள்ளியில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும் என்பதை யாம் அறியாதவர் அல்லோம். ஆனால் அது வைரஸ் புண் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பின் அவர் வரவில்லை. வேறோர் ஊரில் பல் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருக்கின்றார். அங்கே அவர் வாயைப் பார்த்ததும் இருக்கையிலிருந்து எழுந்து போகச் சொல்லிவிட்டனர். அவமானம் தாளாது வீட்டில் அடைந்து கிடந்தார். மீண்டும் எம்மிடம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கஞ்சியும் இறங்கவில்லை. அன்றுதான் இரத்தம் சோதித்தோம்; எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அந்நாளில் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கவில்லை. விலையோ அவர் ஊதியத்துக்கு எட்டாதது. சில மாதங்களில் மறைந்தார். அவர் துணைவியார் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே: 'முதல் நாளே இரத்தம் பார்த்திருந்தால்?' அக்கேள்விக்கு விடை கூற இயலாமல் நின்றோம். இன்றும் விடை இல்லை. அதற்கு மாற்றாகத்தான் ஊர் ஊராகச் சென்று இதனைப் பேசி வருகின்றோம்.

காலம் மாறிற்று

அன்பர்களே! அந்த இருளிலிருந்து நாடு பெரிதும் வெளிவந்துவிட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக அறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுநீதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் நிர்மலா என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இரத்த மாதிரிகளைத் திரட்டி வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். 'நம் நாட்டில் இந்நோய் வருமா?' என்று நாடே நம்ப மறுத்த காலத்தில் இரு பெண்மணிகள் உண்மையைக் கண்டு உரைத்தனர். சுநீதி அம்மையார் 1993இல் சென்னையில் நோயாளர்க்கென ஒரு நிறுவனத்தையும் தொடங்கி, 2015இல் மறையும்வரை அவர்களுக்காகவே வாழ்ந்தார். 1928இல் டாக்டர் சவுரிமுத்து அவர்கள் காசநோயாளர்க்காகத் தோற்றுவித்த தாம்பரம் சானடோரியமும் பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளர்க்குப் புகலிடமாயிற்று.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகின்றது. முன்னர் சி.டி.4 எண்ணிக்கை குறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 முதல் தொற்று உறுதியான அன்றே மருந்து தொடங்கலாம் என்று விதி மாறிற்று. மருந்தை ஒழுங்காக உண்டால் காவற்படை மீளும். படை மீண்டால் உறங்கும் கிருமிகள் மீண்டும் அடங்கும். வாய்ப்புண்ணுக்கு உண்மையான மருந்து இதுவே.

ஹெர்பீசுக்கும் அக்கிக்கும் உரிய அசைக்ளோவிர் மருந்தின் வரலாறும் கேட்கத்தக்கது. இதனை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவி கெர்ட்ரூட் எலியன் என்னும் பெண்மணி. 1988ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். இம்மருந்தின் சிறப்பு என்ன? கிருமி புகுந்த அணுவில் மட்டுமே அது விழித்தெழும். கிருமியின் சொந்த நொதியே அதனைத் தூண்டிவிடும். நலமுள்ள அணுவுக்குத் தீங்கு மிகவும் குறைவு. திருடன் கையிலுள்ள திறவுகோலாலேயே அவனைப் பூட்டும் சூழ்ச்சி இது.

இனி, மற்றொரு நிகழ்ச்சி. 2018ஆம் ஆண்டு. கம்பத்துப் பக்கமிருந்து ஏலக்காய் பறிக்க நாள்தோறும் மலையேறும் தாய் ஒருவர் எம்மிடம் வந்தார். வெற்றிலை போடும் வழக்கமுள்ளவர். 'நாக்கோரம் வெளுத்திருக்கிறது, சுண்ணாம்பு சுட்டது போலும்' என்றார். சுரண்டிப் பார்த்தோம், போகவில்லை. இருபுறமும் இருந்தது. 1998 எம் கண்முன் வந்து நின்றது. அன்றே இரத்தம் சோதிக்க வேண்டினோம். அவர் அஞ்சினார், அழுதார். 'மகள் திருமணத்துக்கு நிற்கின்றாள், ஊர் என்ன சொல்லும்?' என்றார். 'அம்மா! ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. உமக்குத் தெரிந்தால் போதும்' என்றோம். தொற்று உறுதியாயிற்று. அந்த வாரத்திலேயே மருந்து தொடங்கினார். மாதங்கள் சில சென்றதும் நாக்கின் வெண்மை மறைந்தது. மகள் திருமணமும் இனிது நிறைவேறிற்று. இன்றும் அதே ஜீப்பில் மலையேறி வருகின்றார். இரண்டு வாய், ஒரே செய்தி. ஒன்றை யாம் படிக்கத் தவறினோம்; மற்றொன்றைப் படித்தோம். வேறுபாடு இவ்வளவே.

நாம் செய்யத்தக்கவை

கேட்டுவிட்டுக் கலைந்தால் உரையால் பயனில்லை. ஆதலால் சில கருத்துகளை வேண்டுகோளாக முன்வைக்கின்றோம்.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும், வலி இருப்பினும் இல்லாவிடினும், மருத்துவரிடம் காட்டுங்கள். வைரஸ், பூஞ்சை, புற்று என எதுவாயினும் இந்தப் பதினான்கு நாள் கணக்கு பொருந்தும். புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ உட்கொள்பவரும் உறுப்பு மாற்றிக்கொண்டவரும் பதினான்கு நாளும் காத்திருக்கலாகாது. புண் தோன்றிய அன்றே சொல்லவேண்டும்.

கடையில் நாமே கேட்டு வாங்கும் வாய்க்களிம்பைத் தவிர்த்திடுக. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தல் எவர்க்கும் நன்று. காரமும் சூடும் குறைத்து, கூழும் மோரும் இளநீரும் பருகுக. சர்க்கரை நோயாளர் இளநீரை அளவோடு கொள்க.

கை, கால், வாய் நோய் கண்ட குழந்தையைச் சில நாள் அங்கன்வாடிக்கு அனுப்பாதீர்கள். சோப்பும் நீரும் கொண்டு கை கழுவுதலே இக்கிருமிக்கு உற்ற தடை. சாராயம் கலந்த கைத்தைலம் இதன்மீது அவ்வளவாக வேலை செய்யாது. அக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் வீட்டில் புற்றுநோய் மருந்து பெறுவோர் இருப்பின், சில நாள் அவரைத் தனி அறையில் இருக்கச் செய்க. உதட்டில் கொப்புளம் உள்ள எவரும் பச்சிளங் குழந்தையை முத்தமிடுதல் வேண்டா; தம் வாய்ப்புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தொடுதலும் வேண்டா.

குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவறாது போடுக. ஊட்டமற்ற குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் வாய் வெந்து, உணவு மறுத்து, உயிருக்கே இடர் நேரும். அட்டப்பாடியில் 2013ஆம் ஆண்டில் ஊட்டக் குறைவோடு குழந்தைகள் பல மாண்ட செய்தியை நாடு அறியும். வயிற்றின் பசி உடலின் காவலையும் மெலியச் செய்கின்றது என்பதை மறவாதிருப்போம்.

இரத்தச் சோதனைக்கு அஞ்சற்க. தமிழ்நாட்டு எல்லைக்குள் அந்த இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். கேரள எல்லைக்குள் 'ஜ்யோதிஸ்' என்று பெயர். கூட்டு மருந்து வழங்கும் இடத்துக்குக் கேரளத்தில் 'உஷஸ்' என்பர். ஒன்று நம்பிக்கை, ஒன்று ஒளி, ஒன்று விடியல். பெயர் வைத்தவர் கருத்தறிந்தே வைத்தனர். 1097 என்னும் எண்ணில் தொலைபேசியில் கட்டணமின்றி விளக்கம் கேட்கலாம். எல்லையின் இருபுறமும் வேலையும் வீடுமாக வாழ்வோர், மருந்துச் சீட்டையும் சோதனைத் தாளையும் எப்போதும் உடன் வைத்திருங்கள். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லை அடைபட்டபோது, வாளையாற்றில் மக்கள் மணிக்கணக்கில் நின்ற காட்சியை நாம் மறந்திலோம். தீரும்முன் மருந்து வாங்கி வைத்தல் எல்லையோர மக்களுக்கு மிகவும் இன்றியமையாதது.

இறுதியாக, எல்லாவற்றினும் பெரிய வேண்டுகோள் ஒன்று. நோயாளியை ஒதுக்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரே தட்டில் உண்டாலும், ஒரே குவளையில் குடித்தாலும் அத்தொற்று வராது. 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றி, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவத்திலும் வேலையிலும் கல்வியிலும் வாடகை வீட்டிலும் அவரை வேற்றுமைப்படுத்துவதைத் தடை செய்கின்றது. அன்று எம் ஓட்டுநர் அன்பரை இருக்கையிலிருந்து எழுப்பியோர் இன்று அவ்வாறு செய்தால் சட்டம் கேட்கும். ஆனால் சட்டம் கேட்குமுன் நெஞ்சம் கேட்க வேண்டாவா?

பிழைப்பு நாடி மலையேறி வந்த கூட்டம் நாம். வந்த இடத்தில் மொழி வேறு, நிலம் வேறு, மழை வேறு. ஒருவர்க்கு ஒருவர் துணை என்னும் ஒன்றே நம் முன்னோர் கையில் கொண்டுவந்த முதல். அம்முதலைக் கொண்டுதான் இச்சங்கமும் எழுந்தது. ஆகவே சங்கத்தாரிடம் ஒன்று கேட்கின்றோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இம்மண்டபத்தில் வாய்ச் சோதனை முகாம் ஒன்று நடத்துங்கள். பாட்டும் நாடகமும் ஒருபுறம் நிகழட்டும். மறுபுறம் ஒரு விளக்கும் ஒரு நாற்காலியும் போடுங்கள். வாயைத் திறந்து காட்ட எவர் வந்தாலும் எழுந்து போகச் சொல்லாத நாற்காலியாக அஃது இருக்கட்டும். அந்நாற்காலியருகே நிற்கும் பணியை யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.